எருமையிடம் சொன்ன ரிப்பேர்

எங்கள் மாட்டு வண்டியில் முதலில் சாக்கை விரிப்பார்கள். அதன்மேல் வைக்கோல் பரப்புவார்கள். அதற்கும் மேலே ஒரு பழைய ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போடுவார்கள். பிறகு இரண்டு பேர் தாங்கித் தூக்கி வந்து வண்டியில் வைத்து, பையப் பையப் பக்கத்து டவுனான கம்பத்துக்கு ஓட்டிப் போவார்கள். பிள்ளைத்தாய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். டிராக்டர் பேட்டரி.

தலைப்பிரசவத்துக்கு நான் போடிக்குப் போனபோது எனக்கு வெறும் சாக்குதான் விரித்தார்கள். அதை இன்னும் நான் மறக்கவில்லை.

காமயகவுண்டன்பட்டித் தெருவில் வாரத்துக்கு இரண்டு தடவை இந்த ஊர்வலம் நடக்கும். என் வீட்டுக்காரர் பேட்டரிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வார். உள்ளே இருக்கும் ஆசிட் தளும்பினால் பட்ட இடமெல்லாம் ஓட்டை விழும். அந்த வருஷம் அவருடைய வேட்டிகளில் சல்லடை ஆகாத வேட்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. வெளுக்கப் போட்டால் வாங்குகிறவர் விரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்ப்பார்.

வண்டி கிளம்பும்போது வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பவர் என் மூத்தார், அதாவது இவருடைய அண்ணன். மீசையைத் தடவிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அதையே கேட்பார்.

“ஏலே, மாட்ட விக்கிறதுக்குத்தான டிராக்டர் வாங்குனோம்? இப்ப டிராக்டரயும் மாடுதான் இழுக்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கலையேப்பா.”

இவர் பேட்டரியை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொள்வார்.

பெயர் கேட்ட வாசகி

தொடர் ஆரம்பித்ததிலிருந்து ‘இவர்’, ‘இவர்’ என்றே எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டுக்காரருக்குப் பெயர் கிடையாதா என்று வத்தலக்குண்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஐம்பது வருஷத்துக்கு மேலாக வாயால் சொல்லாததை ஒரு வாரப் பத்திரிகைக்காகச் சொல்லிவிடுவேனா அம்மா? டிராக்டருக்கும் பெயர் உண்டு. அதையும் எழுத மாட்டேன். செய்யாத தப்புக்கு அந்தக் கம்பெனியை எதற்கு இழுக்க வேண்டும்?

வழக்கமாக நான் எழுதுவதை இவர்தான் முதலில் படிப்பார். ஒற்றுப்பிழை பார்ப்பார். “இதையெல்லாம் எதுக்கு எழுதுற?” என்று ஒரு தடவை கேட்பார். இந்த வாரத்துக்கு உரியதை மட்டும் அவர் குளிக்கப் போன நேரத்தில் தபாலில் சேர்த்துவிட்டேன். ஏன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

ஸ்டோரில் இருந்த மெக்கானிக்

இவர் யுத்தத்துக்குப் போய் நாலு வருஷம் வடக்கே இருந்தார். ‘லாரிப் பட்டறையில் இருக்கிறேன்’ என்று கடிதம் வரும். மூத்தார் அதை ஊர் முழுக்கப் படித்துக் காட்டுவார். தம்பி பட்டாளத்தில் பெரிய மெக்கானிக் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது.

திரும்பி வந்து சில மாதம் கழித்துத்தான் எனக்கு உண்மை தெரிந்தது. பட்டறையில் இருந்தது வாஸ்தவம். ஆனால் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோரில் இருந்திருக்கிறார். எந்தச் சாமானுக்கு என்ன நம்பர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்தச் சாமான் வண்டியில் எந்த இடத்தில் இருக்கும் என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்.

அந்த மெக்கானிக் பெயரை நம்பித்தான் மூத்தார் டிராக்டர் வாங்கச் சம்மதித்தார். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களைக் கழித்துக் கட்டிய நேரம் அது. இரண்டு கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. வரும்போதே டைனமோ பழுது. கழற்றி மதுரைக்கு ஒரு பட்டறைக்கு அனுப்பினார்கள். பொங்கலுக்கு முதல் நாள் சரிசெய்து வந்தது.

டைனமோ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு நான் புரிந்துகொண்ட மாதிரியே சொல்கிறேன். அந்த டிராக்டருக்கு உயிர் பேட்டரியில் இருந்தது. பேட்டரியில் தெம்பு இல்லாவிட்டால் கைப்பிடி போட்டு எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பிளக்கில் பொறி விழாது. எஞ்சின் ஓடும்போது டைனமோ பெல்ட்டில் சுழன்று கரண்டு உண்டாக்கி, செலவான தெம்பைப் பேட்டரிக்குத் திருப்பித் தரவேண்டும். தருகிறதா இல்லையா என்பதை ஓட்டுகிறவருக்கு எதிரே ஒரு சின்ன மீட்டர் காட்டும். முள் வலப்பக்கம் சாய்ந்தால் சார்ஜ் ஏறுகிறது. இடப்பக்கம் சாய்ந்தால் இறங்குகிறது.

எங்கள் மீட்டரின் முள் மாசி மாதத்திலிருந்து இடப்பக்கமே சாய்ந்து கிடந்தது. பேட்டரியைக் கம்பத்தில் ஒரு பஸ் ஷெட்டில் சார்ஜுக்குப் போட்டு, மறுநாள் எடுத்துவந்து மாட்டினால் ஒன்றரை நாள் உழும். அப்புறம் காட்டு நடுவில் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும்.

சட்டைப் பையில் ஒரு கடிதம்

வைகாசி பிறந்ததும் மூத்தார் கெடு வைத்தார்.

“தண்ணி வர்றதுக்குள்ள புழுதி உழவு முடியணும். லோயர் கேம்ப்ல அணைத் தண்ணி எறங்குன சேதி வர்ற அன்னைக்கும் இது இப்படியே நின்னுச்சுன்னா, கொடுத்த ஆள்கிட்டயே தள்ளிவிட்ருவேன். நான் ஏரக் கட்டிக்கிறேன்.”

சொன்ன கையோடு தொழுவத்து வாசலில் ஒரு கல்லில் உட்கார்ந்து ஏர்க் கயிறு திரிக்க ஆரம்பித்துவிட்டார். இவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கயிறு கொஞ்சம் வேகமாகத் திரியும்.

மூத்தாருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இவர் சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. வடக்கே பழைய ஸ்டோரில் இவரை மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள். ஒருநாள் சட்டையைத் துவைக்க எடுத்தபோது கையில் அகப்பட்டது. அதன் மூலையிலும் ஆசிட் ஒரு ஓட்டை போட்டிருந்தது.

“குடும்பத்தோட இருக்க எடம் தருவாகளா?” என்று கேட்டேன்.

“அங்கன அதெல்லாம் கெடையாது.”

“அப்ப?”

“டிராக்டரும் போயி, நான் இந்த ஊர்ல மூஞ்சிய எங்கன வச்சுக்கிறது? மெக்கானிக்கு மெக்கானிக்குன்னு சொல்லிட்டுத் திரிஞ்சாக. இப்ப டீக்கடையில என்னயப் பாத்ததும் பேச்ச நிறுத்துறாக.”

நாலு வருஷம் நான் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தவள். இனி ஒருமுறை அப்படி இருக்க என்னால் முடியாது என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, கடிதத்தை மடித்தது மடித்தபடி பையில் வைத்தேன்.

“அசையுதா?” “அசையல”

ரிப்பேர் பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பார்த்த அளவுக்கு வேறு எந்த டிராக்டரையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் பெல்ட் தொய்வு என்றார். இறுக்கிக் கட்டினார். பிறகு பேட்டரிக்குள் தண்ணீர் குறைவு என்றார். ஊற்றினார். பிறகு மதுரைப் பட்டறைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று இரண்டு நாள் திட்டினார். கடைசியில் கட்-அவுட்டுக்கு வந்து சேர்ந்தார். அது டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில் கதவு மாதிரி இருக்கிற ஒரு சின்னப் பெட்டி. கரண்டு வரும்போது கதவு திறக்கும், வராதபோது மூடிக்கொள்ளும். அதை உப்புத்தாளால் தேய் தேய் என்று தேய்த்தார். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் அந்தப் பக்கம் மட்டும் கிரீஸ் பட்டுப் பட்டுக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மறுபக்கத்து எழுத்தும் அதன் வழியே தெரியும்.

தேனியிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவர் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். கோழிக் குழம்பு சாப்பிட்டார். பிறகு எஞ்சின் மூடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “வண்டிக்குக் கண்ணு பட்ருக்கு, பூசணிக்கா சுத்துங்க” என்றார். பூசணிக்காயும் சுற்றினோம்.

ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் எஞ்சினைக் கிளப்பிவிட்டு இவர் முன்னால் குனிந்துகொள்வார். நான் மீட்டருக்கு எதிரே நிற்கவேண்டும்.

“அசையுதா?”

“அசையல.”

“நல்லாப் பாரு.”

“நல்லாத்தான் பாக்கறேன். அசையல.”

கல்யாணமாகி அதுவரைக்கும் நாங்கள் பேசிக்கொண்டதை எல்லாம் சேர்த்தாலும் இந்த நாலு வரி அளவுக்கு வராது.

தோசைத் திருப்பி

என் அப்பா போடியில் பஸ் டிரைவர். வழியில் நின்றால் ரிப்பேரும் அவரே. சாப்பாடு கொண்டுபோன நாட்களில் ஷெட்டில் அவர் செய்கிற ஒரு காரியத்தைப் பார்த்திருக்கிறேன். டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை என்றால் வேறு எதையும் தொடமாட்டார். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, ஒரு முனையை டைனமோ உடம்பிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் அழுத்தித் தொடுவார். “எர்த் வாங்குதான்னு பாக்கறேன்” என்பார்.

இது எனக்கு ஏன் முன்பே ஞாபகம் வரவில்லை என்று கேட்காதீர்கள். வந்தது. இரண்டு தடவை சொல்லவும் செய்தேன். “ஒங்கப்பா ஓட்டுனது பஸ்ஸு, இது டிராக்டரு” என்று பதில் வந்தது.

அன்று அமாவாசை. வீட்டில் தோசை. பேட்டரி புதிதாகச் சார்ஜ் ஆகி வந்திருந்தது. முற்றத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இவர் புத்தகத்தை எடுக்க உள்ளே போனார். எனக்கு என்ன தோன்றியதோ, கையிலிருந்த தோசைத் திருப்பியோடு வெளியே வந்து, அதன் கூர்முனை டைனமோவின் மேல் பதிய, காம்பு எஞ்சினைத் தொட, பலமாக அழுத்தினேன்.

சின்னதாக ஒரு பொறி. எட்டி மீட்டரைப் பார்த்தேன். முள் விருட்டென்று வலப்பக்கம் போய் நின்று நடுங்கியது.

திருப்பியை எடுத்தேன். முள் இடப்பக்கம் விழுந்தது. மறுபடி வைத்தேன். வலப்பக்கம்.

“ஏங்க!” என்று கத்த வாய் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். திருப்பியின் முனையில் நீல நிறத்தில் ஒரு சுருள் ஒட்டியிருந்தது. பெயிண்டு.

அன்று இவர் சாப்பிட்ட தோசையில், பெயிண்டைத் துடைத்த மண்ணெண்ணெய் வாசம் அடித்தது. கேட்டதற்கு மாவு புளித்துவிட்டது என்றேன்.

மாட்டுப் பொங்கல் நீலம்

மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டில் மாட்டுக் கொம்புக்கு வண்ணம் பூசுவது மூத்தார்தான். வேறு யாரையும் தொட விடமாட்டார். ஒரு கொம்புக்கு நீலம், ஒரு கொம்புக்குச் சிவப்பு. காளைகளுக்கு ஆனபிறகு கருப்பாயி என்கிற எங்கள் எருமைக்கு. அந்த வருஷம் கருப்பாயிக்கு ஆனபிறகும் டப்பாவில் நீலம் மிச்சம் இருந்தது.

தொழுவத்தில் டிராக்டர் நின்றது. இரண்டு நாள் முன்னால் மதுரையிலிருந்து வந்த டைனமோவும், அதைத் தாங்குகிற இரும்பும், போல்ட்டுகளும் ஒரு சாக்கின்மேல் வெறிச்சென்று கிடந்தன.

இந்த டிராக்டரை ஏன் வாங்கினோம் என்று மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனிதர் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “தொழுவத்துல நிக்கிற எதையும் இன்னைக்கு மூளியா விடக்கூடாது” என்றார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டைனமோவுக்கு இரண்டு பூச்சு. தாங்குகிற இரும்புக்கு இரண்டு பூச்சு. போல்ட்டுகளை ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் முக்கி எடுத்தார். எஞ்சினில் டைனமோ உட்காரும் இடத்தையும் விடவில்லை. ஓரம் பிசகாமல் பூசினார். காய்ந்ததும் அதற்கு ஒரு சாமந்தி மாலை. ரேடியேட்டருக்கு ஒரு உருண்டை சர்க்கரைப் பொங்கல். அதைச் சுரண்டி எடுக்க இவருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் இவர் எல்லாவற்றையும் முடுக்கி மாட்டினார். அன்றிலிருந்து டைனமோவின் இரும்பு எஞ்சினின் இரும்பைத் தொடவே இல்லை. நடுவில் என் மூத்தாரின் ஆசை நாலு பூச்சு இருந்தது. தை மாதம் வண்டிக்கு அதிக வேலை இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை.

இவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். மூன்று மாதமாக அண்ணனின் கேலியைக் கேட்டு வெந்து கிடந்தவர். அண்ணன் வேண்டுமென்றே செய்தார் என்றுதான் எடுத்துக்கொள்வார். அப்புறம் ஒரே உலை இரண்டு உலை ஆகும். நானே கழற்றிச் சுரண்டிவிடலாம் என்று இவர் கம்பம் போன ஒரு மத்தியானம் முயற்சி செய்தேன். நட்டு என் கைக்கு மசியவில்லை.

பூசியவரிடமே சொல்வதுதான் வழி. அதிலும் ஒரு சிக்கல்.

பேசக்கூடாத இடம்

எங்கள் பக்கம் மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் கிடையாது. கல்யாணமானதிலிருந்து நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சோறு போடும்போது வளையல் சத்தம்தான் என் பேச்சு. போதும் என்றால் அவர் இலையைக் கையால் மறைப்பார். அவருடைய சம்சாரம் மகள் பிரசவத்துக்காக வடுகபட்டியில் இருந்தார். ஊரில் இருந்திருந்தாலும் அக்காவிடம் சொல்லியிருக்க மாட்டேன். அவர் காதில் போட்டது சாயங்காலத்துக்குள் கூடலூர் போய்ச் சேர்ந்துவிடும்.

அப்படி இருக்கையில் ஒருநாள் காலை இவர் பேட்டரியை எடுத்துவரக் கம்பத்துக்குக் கிளம்பினார். கிளம்பும்போது சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். பதில் எழுதி, உறையில் போட்டு, ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது.

“கட்-அவுட்ட மறுபடியும் தேய்ச்சு வச்சிருக்கேன். பேட்டரிய மாட்டி ஒருதரம் ஓட்டிப் பாக்கறேன். அப்பவும் முள்ளு அசையலேன்னா நாளைக்குக் காலைல தபால். தள்ளுன்னு அண்ணன் சொல்லி நான் கேக்கணுமா?”

வண்டி தெருமுனை திரும்பியது. தொழுவத்து வாசலில் மூத்தார் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். உள்ளே கருப்பாயி. நான் புண்ணாக்குத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய், அவருக்கு முதுகைக் காட்டி, கருப்பாயிக்கு எதிரே நின்றேன்.

“ஏத்தா கருப்பாயி,” என்றேன், வாசல் வரைக்கும் கேட்கிற சத்தத்தில். “இந்த டிராக்டர் ஏன் சார்ஜ் ஏத்த மாட்டேங்குதுன்னு ஒனக்குத் தெரியுமா?”

கருப்பாயி தண்ணீருக்குள் மூக்கை விட்டது.

“டைனமோ நல்லாத்தான் இருக்கு. கரண்டும் உண்டாகுது. போறதுக்கு ஒயர் இருக்கு. திரும்பி வர ஒயர் கெடையாது. வண்டியோட இரும்புதான் அதுக்குப் பாதை. அந்தப் பாதை அடைச்சுக் கெடக்கு.”

கயிறு திரிக்கிற சத்தம் நின்றது.

“எது அடைச்சிருக்குன்னு கேக்கிறியா? ஒன் கொம்புல இருக்கே, அந்த நீலந்தான். டைனமோ காலு, தாங்குற இரும்பு, போல்ட்டு, எல்லாத்துலயும் இருக்கு. ஆசையாத்தான் பூசுனாக. அத யாரு தப்புன்னு சொன்னா?”

பின்னால் ஒரு செருமல். பிறகு மூத்தாரின் குரல் வந்தது.

“ஏ கருப்பாயி, தேனி மெக்கானிக்குக்கே தெரியலையாம். சொல்றவகளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேளு.”

“தோசத் திருப்பிய வச்சுத் தொட்டுப் பாத்தாகளாம். முள்ளு வலப்பக்கம் துள்ளுச்சாம்னு சொல்லு ஆத்தா.”

மறுபடியும் செருமல். நம்புவதற்கும் மறுப்பதற்கும் நடுவில் நின்ற செருமல். அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

“இன்னொண்ணும் கேட்டுக்க கருப்பாயி. இன்னைக்கு முள்ளு அசையலேன்னா ஒங்க சின்னவரு வடக்க போயிருவாக. கூப்ட்டு எழுதியிருக்காக. பதிலுக்கு ஸ்டாம்பு ஒட்டிப் பையில வச்சிருக்காக. போனா எப்ப வருவாகன்னு தெரியாது. எனக்கு இன்னொரு நாலு வருசம் தாங்காது ஆத்தா.”

கடைசி வார்த்தை எருமைக்குச் சொன்னதாக வரவில்லை. கருப்பாயியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அதுவும் நகராமல் நின்றது.

திரும்பிப் பார்த்தபோது கல்லில் திரித்த கயிறு மட்டும் கிடந்தது. மூத்தார் இவருடைய ஸ்பேனர் பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருப்பாயி பார்த்த ரிப்பேர்

“கருப்பாயி, எந்தப் பக்கம் திருப்பணும்னு கேளு.”

“இடப்பக்கம்னு சொல்லு ஆத்தா.”

நட்டு கிறீச்சிட்டது. டைனமோ கழன்று வந்தது. மூத்தார் கதிர் அரிவாளை எடுத்து அதன் முனையால் சுரண்டினார். தை மாதம் எவ்வளவு பொறுமையாகப் பூசினாரோ அவ்வளவு பொறுமையாகச் சுரண்டினார். நீலச் சுருள்கள் அவர் மடியில் விழுந்தன.

“மேல மட்டும் போதுமா, அடியிலயுமான்னு கேளு.”

“அடியிலதான் முக்கியமாம். போல்ட்டையும் செங்கல்லு பொடி போட்டுத் தேய்க்கணுமாம்.”

நடுவில் கருப்பாயிக்கு அலுத்துவிட்டது. வைக்கோல் கிடக்கும் கவணையை நோக்கி நகர்ந்தது. “நில்லுத்தா, இன்னும் பேச்சு முடியல” என்று மூத்தார் அதன் கயிற்றைப் பிடித்து இழுத்தார். எனக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அவர் தோளும் குலுங்கியது. ஆனால் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

இரும்பு வெள்ளி மாதிரி வெளுத்தது. எல்லாவற்றையும் திருப்பி மாட்டி முடுக்கினார். பெல்ட்டை இழுத்துக் கட்டினார். எல்லாம் ஆனபின், சுரண்டிய தடம் தம்பியின் கண்ணில் படாமல் இருக்க, கொஞ்சம் சாணியைத் தொட்டுச் சுற்றிலும் அப்பினார்.

வெயில் சாயும் நேரத்துக்கு இவர் பேட்டரியோடு வந்தார். அதை மாட்டக் குனிந்தவர் நிமிர்ந்தார்.

“யாரு இங்கன கை வச்சது? ஒரே சாணியா இருக்கு.”

“எருமை உரசிருச்சுடா,” என்றார் மூத்தார், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எருமைய ஏண்ணே இங்கன கட்டுறீக?”

“என்ன செய்யச் சொல்ற? அதுக்கு ஒன் டிராக்டரப் புடிச்சுப்போச்சு.”

எஞ்சின் கிளம்பியது. நான் மீட்டருக்கு எதிரே போய் நின்றேன். இவர் குனிந்துகொண்டார். கயிறு திரிக்கிற சத்தம் நின்றிருந்தது.

“அசையுதா?”

முள் ஒரு நொடி நடுவில் நின்றது. பிறகு மெதுவாக, பெரிய மனுஷி மாதிரி, வலப்பக்கம் சாய்ந்து அங்கேயே நின்றது.

“அசையுது.”

“நல்லாப் பாரு.”

“நல்லாத்தான் பாக்கறேன். வலப்பக்கம் போயிருச்சுங்க!”

இவர் ஓடிவந்து பார்த்தார். எஞ்சினை அணைத்தார். கிளப்பினார். மறுபடி பார்த்தார். இருட்டும் முன்பே விளக்கைப் போட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கச் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

“கட்-அவுட்டு! நான் அப்பவே சொன்னேன்ல? உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன்ல? யாராவது நம்புனீகளா?”

மூத்தார் எழுந்து வந்து, மீட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பட்டாளத்துல ஒன்னயச் சும்மாவா வச்சிருந்தாக?” என்றார்.

கட்-அவுட் டாக்டர்

நாலு நாளில் புழுதி உழவு முடிந்தது. ஐந்தாம் நாள் தண்ணீர் இறங்கிய சேதி வந்தது. டிராக்டர் எங்களிடமே தங்கிவிட்டது. காளைகளையும் விற்கவில்லை. “பேட்டரிக்குப் போகவர வேணும்ல” என்று சொல்லி மூத்தார் அவற்றைச் சந்தைக்கு அனுப்பாமலே இருந்துவிட்டார்.

எழுதி வைத்த பதிலை இவர் கிழித்துப் போட்டார். உறையில் ஒட்டிய ஸ்டாம்பை மட்டும் தண்ணீரில் ஊறவைத்துப் பக்குவமாக எடுத்தார். அந்த ஸ்டாம்பு மதுரைப் பட்டறைக்காரருக்கு மன்னிப்புக் கடிதமாகப் போயிற்று.

அதன்பிறகு எங்கள் பக்கத்தில் எந்த வண்டி சார்ஜ் ஏற்றவில்லை என்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். இவரும் உப்புத்தாளை மடியில் கட்டிக்கொண்டு போவார். எது பழுதானாலும் கட்-அவுட்டைத் தேய்ப்பார். சில வண்டி சரியாகவும் செய்தது. சரியாகாத வண்டிக்காரர்கள் அதைப் பற்றி வெளியே பேசவில்லை.

நானும் பேசவில்லை. மூத்தாரும் பேசவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சே கிடையாதே.

அடுத்த மாட்டுப் பொங்கல் வந்தது. மூத்தார் காளைகளுக்குப் பூசினார். கருப்பாயிக்குப் பூசினார். பிறகு டிராக்டருக்கு வந்தார். மட்கார்டுக்குச் சிவப்பு, சக்கரத்துக்கு மஞ்சள், டைனமோவுக்கு நீலம். நான் கோலப்பொடிக் கிண்ணத்தோடு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டைனமோவின் காலுக்கு வந்ததும் தூரிகை நின்றது. அதைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு இரும்பை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கம் போனார்.

இவர் குளித்துவிட்டு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“ஏண்ணே, எல்லாம் பூசிட்டு இங்கன மட்டும் மூளியா விட்ருக்கீக?”

“பெயிண்டு தீந்துபோச்சுடா,” என்றார் மூத்தார்.

டப்பா என் காலடியில் இருந்தது. குனிந்து பார்த்தேன். பாதிக்கு மேல் நீலம் இருந்தது. மூடியை அழுத்தி மூடி, முந்தானையால் மறைத்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.